பட்டறை மெஷின், எர்த், எக்ஸ்டென்ஷன் ஒயர்: நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கும் விசைப்படகுகள் கரையேறும். ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்), வெல்டர்கள், ஃபைபர் அடிப்பவர்கள் என எல்லாரும் ஒரே நேரத்தில் மெஷினை எடுப்பார்கள். எனக்கு மண்டபம் பக்கம் ஒரு சின்ன மெஷின் ரிப்பேர் கடை. கார்பன் பிரஷ் மாற்ற வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் கேட்கிற சந்தேகங்கள் வருஷா வருஷம் அதேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும்: மெயின் போர்டு வேலையும் எர்த் குழி வேலையும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் செய்ய வேண்டியவை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

அண்ணே, மெஷின்ல "எர்த் அடிக்குது"ன்னு சொல்றோமே, அப்ப எர்த்துன்னா ஷாக்கா?

நம் ஊர்ப் பேச்சு அப்படி ஆகிவிட்டது. பாடியைத் தொட்டதும் சுருக்கென்று இழுத்தால் "எர்த் அடிக்குது" என்கிறோம். உண்மையில் அங்கே எர்த் இல்லாததால்தான் அடிக்கிறது. உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து இரும்பு பாடியைத் தொட்டிருக்கும். பாடிக்கு வந்துவிட்ட கரண்ட் தரைக்கு இறங்க வழி தேடிக்கொண்டிருக்கும். நீங்கள் தொட்டதும் நீங்களே அந்த வழி.

எர்த் ஒயர் என்பது அந்தக் கரண்டுக்கு முன்கூட்டியே போட்டு வைத்த பாதை. மெஷின் பாடியில் தொடங்கி, ஒயரின் பச்சைக் கோர், பிளக்கின் பெரிய பின், எக்ஸ்டென்ஷன், ஸ்விட்ச் போர்டு என்று போய் மண்ணுக்குள் இருக்கும் பைப்பில் முடிகிறது. நடுவில் ஓரிடம் விட்டாலும் மொத்தமும் போச்சு. எல்லாரும் பைப்பைத்தான் சந்தேகப்படுவார்கள். என் கடைக்கு வரும் கேஸ்களில் விட்டுப்போயிருப்பது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள்.

மரப் படகு மேல நின்னுதான் ட்ரில் போடுறேன், கால்ல ரப்பர் செருப்பு. எனக்கு எப்படி அடிக்கும்?

காய்ந்த பலகை கரண்டைக் கடத்தாது, சரி. பத்து மாதம் கடலில் ஊறிய பலகையைக் காய்ந்த பலகை என்று யார் சொன்னது? மேலே வெயிலில் வெளுத்திருந்தாலும் உள்ளே உப்பும் ஈரமும் இருக்கும். அதோடு போல்ட், இன்ஜின், ஷாஃப்ட், புரொப்பல்லர் என்று இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈர மணல் வரைக்கும் இறங்குகின்றன. ஒரு கையில் ட்ரில்லைப் பிடித்து, சாயாமல் இருக்க இன்னொரு கையால் இன்ஜினைப் பிடித்தால் செருப்புக்கு அங்கே வேலையே இல்லை. கரண்ட் கையிலிருந்து கைக்கு, நெஞ்சு வழியாகப் போகும்.

வேர்வையும் உப்புத் தண்ணீரும் பட்ட உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டுக்கு அதில் 230 மில்லி ஆம்பியர் ஓடும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிப் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-க்கு மேல் போய்ச் சில நொடி நீடித்தால் இதயத்தின் துடிப்பே குழம்பக்கூடும்.

போர்டுல ட்ரிப்பர் போட்டிருக்கே, அப்புறம் எர்த் எதுக்கு?

எந்த ட்ரிப்பர் என்பதுதான் கேள்வி. நம் ஆட்கள் இரண்டு வேறு சாமானை ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். ஒன்று எம்சிபி. ஒயர் தாங்குவதற்கு மேல் கரண்ட் போனாலோ ஷார்ட் ஆனாலோ விழும். உங்களைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. இன்னொன்று ஆர்சிசிபி. பேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் கட் செய்யும். கசிவு 150 மில்லி ஆம்பியர் என்றால் 0.04 நொடிக்குள். அடையாளம் சுலபம்: ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும், மேலே 30 மில்லி ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும்.

எம்சிபியும் எர்த்தும் மட்டும் இருந்தால் போதாதா? கணக்குப் போடுவோம். உங்கள் எர்த் நல்ல எர்த், 5 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 2 ஓம். மெஷின் பாடியில் பேஸ் தொட்டால் 230-ஐ 7-ஆல் வகுத்து சுமார் 33 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 33-க்கு அது சூடாகி, யோசித்து, மெதுவாகத்தான் விழும். 32 ஆம்பியர் எம்சிபி என்றால் விழவே விழாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மெஷின் பாடியில் நிற்பது 33 பெருக்கல் 5, அதாவது 165 வோல்ட்.

ஆர்சிசிபி இருந்தால் எர்த் 50 ஓமாகக் கெட்டுப்போயிருந்தாலும் 4 ஆம்பியருக்கு மேல் கசியும், உடனே விழுந்துவிடும். ஆனால் எர்த் ஒயரே இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால் நீங்கள் தொட்டு, உங்கள் வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும். உயிர் பிழைக்கலாம், ஏணியிலிருந்து கீழே விழாமல் இருப்பீர்களா என்பது வேறு விஷயம். அதனால் இரண்டும் வேண்டும். இனி வரும் பதில்களில் பாதி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கும்.

என் ட்ரில்லுல ரெண்டு பின்தான் இருக்கு. எர்த் இல்லாத மெஷினை வாங்கிட்டேனா?

பேர்ப்பலகையைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு மெஷின். உள்ளே ஒன்றுக்கு இரண்டு காப்பு வைத்துச் செய்தது. அதற்கு எர்த் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. இப்போது வருகிற கை ட்ரில், சின்ன கிரைண்டர் நிறைய இந்த வகை. அந்தக் குறி இல்லாமல் இரும்பு பாடியும் இரண்டு பின்னும் இருந்தால், யாரோ பிளக்கை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரட்டைக் காப்பை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள். கிரைண்டரில் இரும்பு வெட்டினால் இரும்புத் தூள் காற்றுத் துளை வழியாக உள்ளே போகும், கார்பன் பிரஷ் தூளும் சேரும், மேலே உப்புக் காற்றின் ஈரம். மூன்றும் சேர்ந்த பசையைக் கழற்றிய மெஷின்களில் பார்த்திருக்கிறேன், கரி மை மாதிரி இருக்கும். அது கரண்டைக் கடத்தும். தடைக்காலம் முடிந்து மெஷினைக் கட்டி வைக்கும் முன் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

மூணாவது பின் சாக்கெட்ல நுழையல, உடைச்சுட்டேன். மெஷின் நல்லாத்தான் ஓடுது?

ஓடும். எர்த் இல்லாமலும் எந்த மெஷினும் ஓடும், அதுதான் இதில் உள்ள வம்பு. அது இல்லையென்று மெஷின் சொல்லாது. அந்தப் பின்னை மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் செய்திருப்பதற்குக் காரணம் உண்டு: சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும்.

16 ஆம்பியர் பிளக் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாதது பழுதல்ல, எச்சரிக்கை. பெரிய மெஷினைச் சின்ன சாக்கெட்டில் மாட்டாதே என்கிறது. சாக்கெட்டை மாற்றுங்கள். பின் உடைந்த பிளக் டாப்பைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டுங்கள். மாட்டும்போது பச்சை ஒயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு முறுக்குங்கள். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்கட்டும்.

காக்கா, துபாய்லேர்ந்து மச்சான் கிரைண்டர் கொண்டாந்தார். சதுர பின் பிளக். யுனிவர்சல் சாக்கெட்ல சொருகிக்கலாமா?

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் கீழக்கரைக்காரர்கள் இதைக் கேட்காமல் விட்டதே இல்லை. அது இங்கிலாந்து வகை பிளக். உள்ளேயே 13 ஆம்பியர் அளவில் ஃபியூஸ் இருக்கும். எல்லா வகைப் பின்னும் நுழையும் என்று விற்கிற சாக்கெட்டில் அது நுழையும், ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்காது. கிரைண்டர் அதிர அதிரப் பொறி பறந்து கருகும், எர்த் பின் பல சமயம் பேருக்குத்தான் தொட்டிருக்கும். பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் டாப் மாட்டுவதே சரி. பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். உள்ளே இரண்டே ஒயர் இருந்து சதுரக் குறியும் இருந்தால் போன கேள்வியிலல்ல, அதற்கு முந்தைய கேள்வியில் சொன்ன இரட்டைக் காப்பு மெஷின்தான்.

சொருகுவதற்கு முன் வோல்ட்டேஜைப் படியுங்கள். 220 முதல் 240 என்றிருந்தால் சரி. 110 அல்லது 127 என்றிருந்தால் நம் கரண்டில் சில நொடியில் புகை வரும். 60 ஹெர்ட்ஸ் என்றிருப்பதற்குப் பயப்பட வேண்டாம், கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் அதைப் பொருட்படுத்தாது.

எக்ஸ்டென்ஷனுக்கு எந்த ஒயர் வாங்கணும்? கடையில கேட்டா "எல்லாம் தாங்கும்"ங்கிறார்.

மூன்று கோர், முழுச் செம்பு, குறைந்தது 1.5 ஸ்கொயர் எம்எம். 30 மீட்டருக்கு மேல் போனாலோ 14 அங்குல இரும்பு வெட்டும் மெஷின் மாதிரி 2000 வாட்டுக்கு மேல் உள்ளதை ஓட்டினாலோ 2.5. இரண்டு கோர் ஒயரில் எக்ஸ்டென்ஷன் செய்யவே கூடாது. அதில் பேஸும் நியூட்ரலும் போகும், எர்த் போக இடமே கிடையாது. மூன்று பின் சாக்கெட் மாட்டி அழகாக விற்பார்கள், திறந்தால் எர்த் துளை காலியாக இருக்கும்.

ஏன் தடிமன் என்பதற்குக் கணக்கு. 30 மீட்டர் ஒயர், 10 ஆம்பியர் லோடு. போக வர 60 மீட்டர். 0.75 ஸ்கொயரில் சுமார் 15.6 வோல்ட் வழியிலேயே தொலையும், 1.5-ல் 8 வோல்ட், 2.5-ல் 5 வோல்ட்டுக்குள். ஏற்கெனவே லைனின் கடைசிக் கம்பத்தில் இருப்பவருக்கு 200 வோல்ட்தான் வருகிறதென்றால் அதில் 15 போனால் மெஷின் இழுக்காது. இழுக்கவில்லை என்று நீங்கள் அழுத்துவீர்கள், காயில் சூடாகும், அப்புறம் என் கடைக்கு வருவீர்கள்.

வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நம் உப்புக் காற்றில் அதன் முனை மாவாக உதிரும். ஐ.எஸ். 694 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் ஒயர் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

சுருளைப் பிரிக்காம அப்படியே ஓட்டினா என்ன?

மேலே சொன்ன 0.75 ஒயரில் தொலைகிற 15.6 வோல்ட் எங்கே போகிறது? சூடாகப் போகிறது. 10 ஆம்பியரில் 156 வாட். தரையில் நீளமாகக் கிடந்தால் காற்றில் ஆறிவிடும். சுருளாக இருந்தால் ஒன்றின் சூடு ஒன்றுக்கு ஏறி நடு அடுக்கு உருகும். கயிற்றைச் சுற்றுவது மாதிரி அழகாகச் சுற்றிய ஒயர் உள்ளே ஒட்டிப்போய் ஒரே கட்டியாக என்னிடம் வந்திருக்கிறது. முழுசாகப் பிரித்துப் போடுங்கள். வேலை பத்து அடியில் என்றால் பத்து அடி ஒயரை எடுங்கள்.

அறுந்த இடத்துல முறுக்கி டேப் சுத்திட்டேன். போதுமா?

வீட்டுக்குள் சாயங்காலம் வரைக்கும் சமாளிக்கலாம். கடற்கரையில் போதாது. டேப்பின் பசை வெயிலில் இளகும், இடுக்கில் உப்பு ஈரம் ஏறும், ஒரு மாதத்தில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த முறுக்கு சூடாகும்.

அறுந்த இடத்தில் வெட்டி, இரண்டு துண்டையும் இரண்டு தனி எக்ஸ்டென்ஷனாக்குங்கள். எக்ஸ்டென்ஷனோடு எக்ஸ்டென்ஷனைக் கோர்த்து ஓட்டலாமா என்பார்கள் உடனே. ஒரு சேர்ப்புக்கு ஒரு கெட்ட இணைப்பு கூடுகிறது, எர்த் விட்டுப்போக இன்னோர் இடம் கூடுகிறது. நீளம் வேண்டுமென்றால் நீளமான ஒற்றை ஒயர்.

பாக்ஸை மணல்லதான் வைக்க வேண்டியிருக்கு. வேற எங்க வைக்கிறது?

தொங்க விடுங்கள். கொட்டகையின் சவுக்குக் கழியில் இடுப்புயரத்தில் ஓர் ஆணி போதும். மணலில் வைத்தால் சாக்கெட் துளைக்குள் உப்பு மணல் போய் உட்காரும். காலையில் பனி இறங்கினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்து பேஸுக்கும் எர்த்துக்கும் பாலம் போடும். முடிந்தால் மூடியுள்ள இண்டஸ்ட்ரியல் சாக்கெட், ஐபி 44 என்று போட்டது, வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் கச்சான் காற்று வாரி அடிக்கிற மாதங்களில் சாதாரண வெள்ளைப் பாக்ஸ் ஒரு சீசன்கூட நிற்பதில்லை. 1914-இல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்றதைப் பார்த்த ஊர் நாம், பித்தளைப் பின் எம்மாத்திரம்.

ஒயரை மணலுக்குள் புதைக்காதீர்கள். எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் படகை உருட்டுகிறவர்கள் மேலே ஏற்றிவிடுவார்கள். ஃபைபர் அடிக்கும் இடத்தில் ரெசின், அசிட்டோன் வைத்திருக்கும் மேசைப் பக்கம் பாக்ஸே கூடாது. பிளக் பிடுங்கும்போது வரும் சின்னப் பொறி அந்த ஆவிக்குப் போதும்.

எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போடணும்ங்கிறாங்க. கடலே பக்கத்துல இருக்கு, உப்பு எதுக்கு?

நல்ல கேள்வி. கரியும் உப்பும் போடுவது காய்ந்த மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் கரண்ட் சுலபமாகப் பரவவும். பரமக்குடிப் பக்கக் காய்ந்த நிலத்துக்கு அது பொருந்தும். கரையோரத்தில் கீழே இருக்கும் தண்ணீரே உப்புதான். அங்கே மேலும் உப்பைக் கொட்டினால் எர்த் கூடுவதைவிட பைப் துருப்பிடிப்பதுதான் கூடும். கரி போடுங்கள், நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்கரிக்கா பஞ்சம்?

இங்கே உண்மையான சிக்கல் வேறு. மேல் மணல் கோடையில் பொரிபொரியென்று காய்ந்து கிடக்கும், காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. பைப்பின் அடி எப்போதும் ஈரத்தில் நிற்க வேண்டும். ஐ.எஸ். 3043 சொல்வது குறைந்தது 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். ஈரம் அதற்கும் கீழே என்றால் இன்னும் நீளமாக இறக்கச் சொல்லுங்கள். மூன்றடித் துண்டைத் தட்டிவிட்டுப் போகிறவரிடம் மீதிப் பைப் எங்கே என்று கேளுங்கள்.

ஜிஐ பைப்பில் செம்பு ஒயரை நேராகச் சுற்றி மண்ணுக்குள் மூடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி வேலை செய்து பைப்பின் துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஜிஐ பட்டையோ ஜிஐ கம்பியோ போட்டு, இணைப்பை மூடியுள்ள சின்னத் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். நான் பார்த்த ஒரு பைப் மேலே பளிச்சென்று இருந்தது. ஒரு சாண் கீழே கை வைத்ததும் சல்லடையாக உடைந்து வந்தது.

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்பு போட்டுப் பார்த்தேன். பிரகாசமா எரியுது. அப்ப எர்த் நல்லாருக்குதானே?

பல்பு பொய் சொல்லும். 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 529 ஓம். உங்கள் எர்த் 50 ஓமாகக் கெட்டிருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். அந்த வெளிச்சத்துக்கும் 230-க்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பல்பு எரியாவிட்டால் எர்த் இல்லை என்று நிச்சயம். எரிந்தால் ஏதோ இருக்கிறது என்பது மட்டும்தான். ஆர்சிசிபி உள்ள போர்டில் இந்தச் சோதனை செய்தால் அது விழுந்துவிடும், பயப்பட வேண்டாம், அதன் வேலையைத்தான் செய்தது.

சரியான அளவுக்கு எர்த் டெஸ்டர் என்று தனி மீட்டர் உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம், மழைக்குப் பிறகு இல்லாமல் மே மாதக் காய்ச்சலில் ஒயர்மேனை அளக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்து அளவு எல்லாருக்கும் நன்றாகத்தான் வரும்.

எர்த் போட வசதியில்லை. சாக்கெட்லயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துட்டா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் இவ்வளவு நேராகச் சொல்லும் ஒரே பதில் இது. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், உப்பேறிய ஜாயிண்ட் விட்டுப்போவது இங்கே புதுசில்லை, மெஷின் வழியாக வந்த பேஸ் நியூட்ரலில் நின்று அப்படியே மெஷின் பாடிக்கு வரும். பழுதே இல்லாத மெஷினின் பாடியில் முழு 230 வோல்ட். பேஸும் நியூட்ரலும் இடம் மாறிய எக்ஸ்டென்ஷனில் மாட்டினாலும் இதே கதிதான்.

ட்ரிப்பர் சும்மா சும்மா விழுது. ஒயர்மேன் அதைக் கழட்டி நேரா கொடுத்துட்டார். இப்ப தொல்லை இல்ல.

தொல்லையைச் சொல்கிற ஆளை அனுப்பிவிட்டீர்கள், தொல்லை அங்கேயேதான் இருக்கிறது. ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுவது குறைவு. எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், ஆன் செய்யுங்கள். நின்றால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் விழுகிறதோ அதுதான் ஆள். எதுவும் மாட்டாமலே விழுந்தால் ஒயரிங்கில் ஈரம், அல்லது எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. போன கேள்விக்காரர் செய்த வேலையாகவே இருக்கலாம்.

இன்னொன்று உண்டு. ஒவ்வொரு மெஷினும் கொஞ்சம் கொஞ்சம் கசியும், தனித்தனியே பழுதில்லாமல் இருந்தாலும். ஐந்தாறு மெஷினை ஒரே ஆர்சிசிபியில் தொங்கவிட்டால் கூட்டுத்தொகை அதை விழ வைக்கும். அதற்கு மருந்து இரண்டு லைனாகப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி போடுவது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் விசை இறுகிப்போகும். அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கிறது, எர்த்தை அல்ல.

வெல்டிங் மெஷின்ல எர்த் கிளாம்ப் இருக்கே, அதைப் படகுல மாட்டிட்டா படகே எர்த் ஆயிடும்ல?

பெயர்தான் எர்த் கிளாம்ப். அது வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வருகிற பாதை, பாதுகாப்பு எர்த்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெல்டிங் மெஷின் பாடிக்குத் தனியாக எர்த் வேண்டும். பெரிய மெஷினுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சரிப்படாது, தனி லைனும் தனி எம்சிபியும் போடுங்கள்.

வம்பு எங்கே என்றால், கிளாம்பை வேலை நடக்கும் இடத்தை விட்டு எங்கோ துருப்பிடித்த கம்பியில் மாட்டுவது. 100 ஆம்பியருக்கு மேல் திரும்பி வர வேண்டும், வழி சரியில்லை. அதே இரும்பில் எர்த் உள்ள ட்ரில்லோ கிரைண்டரோ சாய்ந்து கிடந்தால் அதன் மெல்லிய பச்சைக் கோர் வழியாகப் போகும். கோர் உள்ளேயே உருகி அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் அந்த மெஷின் வழக்கம்போல ஓடும், எர்த் மட்டும் இருக்காது. கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள், துருவைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

கரண்ட் இல்லாத கரையில ஜெனரேட்டர்ல ஓட்டுறோம். கம்பி ஒண்ணை மணல்ல குத்திட்டா எர்த் ஆச்சா?

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதந்து கிடக்கும். ஒரு மெஷினில் பாடிக்குப் பேஸ் வந்தாலும் திரும்பிப் போகப் பாதை இல்லாததால் ஒன்றும் தெரியாது, மூன்றாவது கேள்வியில் சொன்ன ஆர்சிசிபியும் விழாது. இரண்டாவது மெஷினில் எதிர்ப்பக்க ஒயர் பழுதானால்தான் இரண்டையும் தொட்டவருக்கு அடிக்கும். ஒரு ஜெனரேட்டருக்கு ஒரே மெஷின், அதுவும் இரட்டைக் காப்பு மெஷின் என்றால் கவலை குறைவு. பல மெஷின் ஓட்டுவதென்றால் நியூட்ரலை ஜெனரேட்டரின் பாடியோடு இணைத்து ஆர்சிசிபி போடும் வேலையை ஒயர்மேனிடம் விடுங்கள். மணலில் குத்திய கம்பி மட்டும் இதைச் சரி செய்யாது.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் லைனுக்கு ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேனைக் கொல்லும். லைனும் ஜெனரேட்டரும் ஒன்றோடொன்று சேராமல் மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டோடு சேர்க்காதீர்கள்.

கூட வேலை செய்றவருக்கு அடிச்சு ஒட்டிக்கிச்சுன்னா இழுக்கலாமா?

கையால் தொடாதீர்கள். மெயினை ஆஃப் செய்யுங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்காகவே எக்ஸ்டென்ஷன் சொருகிய இடம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வலைக் குவியலுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் காய்ந்த கழியால் தள்ளுங்கள். படகுப் பலகைத் துண்டு வேண்டாம், ஏன் என்று இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துக்கொண்டே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போடலாம்னு இருக்கேன். காயலான் கடையில போடவா?

போடுங்கள், ஆனால் பிளக்கை ஒயரோடு ஒட்ட வெட்டிவிட்டுப் போடுங்கள். வெட்டாமல் போட்டதை வேறு ஒருவர் எடுத்து டேப் சுற்றி ஓட்டுவார். நான் குப்பையில் போட்ட ஒயர் ஒன்று அடுத்த சீசனில் ரிப்பேருக்கு என் கடைக்கே வந்தது.